பூமியைத் திருப்பிச் சுத்துன சூப்பர்மேன்: ஒரு ஓட்டையோட வரலாறு

சூப்பர்ஹீரோ படம் முடிஞ்சு தியேட்டர்ல இருந்து வெளிய வரும்போது பார்க்கிங்ல ஒரு சண்டை ஆரம்பிக்கும். "இவனால இதைச் செய்ய முடியும்னா, முதல்லயே ஏன் செய்யல?" எண்ட்கேம் கடைசியில வயசான கேப்டன் அமெரிக்கா அந்த பெஞ்சுக்கு எந்த டைம்லைன்ல இருந்து வந்தார்ங்கறதுல, படத்தை எழுதினவங்களும் இயக்கினவங்களுமே ஒத்துப்போகல. இன்னைக்குப் பேசப்போறது இந்த மாதிரி சண்டைகளுக்கெல்லாம் தாத்தா மாதிரி இருக்கற ஒண்ணைப் பத்தி.

1978 டிசம்பர்ல வந்த 'சூப்பர்மேன்' படம். இயக்கினவர் ரிச்சர்ட் டானர். கிளைமாக்ஸ்ல நிலநடுக்கம் வந்து, லோயிஸ் லேன் காரோட மண்ணுக்குள்ள புதைஞ்சு செத்துப்போறாங்க. சூப்பர்மேன் கத்திக்கிட்டே வானத்துக்குப் போய், பூமியைச் சுத்திச் சுத்திப் பறக்கறார். பூமி பின்பக்கமாச் சுத்துது, காலமும் பின்னாடி போகுது, லோயிஸ் உயிரோட இருக்காங்க.

அவர் பூமியைத் திருப்பினாரா, இல்ல ஒளியை விட வேகமாப் பறந்து காலத்தையே திருப்பினாரான்னு இன்னைக்கும் வாதம் ஓடுது. எப்படித் திருப்பியிருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: இனிமே யார் செத்தாலும் நாலு ரவுண்டு பறந்தா போதும்னா, அடுத்த படத்துல நாம எதுக்குப் பயப்படணும்?

எழுதினவங்களோட சோம்பேறித்தனம்னுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிட்டுத் திரிஞ்சேன். படம் எப்படி எடுத்தாங்கன்னு படிச்சதுக்கப்பறம்தான் வாயை மூடினேன்.

தயாரிப்பாளர்கள் அலெக்ஸாண்டர் சால்கைண்ட், அவரோட மகன் இல்யா. இவங்க இதுக்கு முன்னாடி எடுத்தது 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்'. நடிகர்கள் ஒரே படம்னு நெனச்சு நடிச்சதை ரெண்டாப் பிரிச்சு 1973-லயும் 1974-லயும் விட்டாங்க. நடிகர்களுக்குச் செம கோவம். அதனால சூப்பர்மேனுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க: ரெண்டு படம், ஒரே நேரத்துல ஷூட்டிங். 1977-ல வேலை ஆரம்பிச்சது.

ஷூட்டிங் இழுத்துக்கிட்டே போச்சு, காசு கரைஞ்சது, டானருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் முட்டிக்கிச்சு. கடைசியில ரெண்டாவது படத்தைப் பாதியில நிறுத்திட்டு, முதல் படத்தை மட்டும் முடிப்போம்னு முடிவு பண்ணாங்க.

முதல் படத்துக்கு முதல்ல யோசிச்ச முடிவு வேற. சூப்பர்மேன் விண்வெளிக்குத் தள்ளிவிட்ட ஏவுகணை வெடிச்சு, ஜெனரல் ஸாடும் அவன் கூட்டாளிங்களும் சிறையில இருந்து தப்பிக்கணும். அங்க தொடரும் போடணும். ஆனா முதல் படம் ஓடலைன்னா ரெண்டாவது படமே கிடையாது. அதனால பெரிய முடிவா ஒண்ணு வேணும். காலத்தைத் திருப்பற காட்சி ரெண்டாவது படத்தோட முடிவா எழுதி வச்சிருந்தது. அதைத் தூக்கி முதல் படத்துல போட்டாங்க. மாடிக்கு வாங்கி வச்ச கதவை எடுத்துக் கீழ்வீட்டு வாசல்ல மாட்டின கதை.

படம் பெரிய ஹிட். ஆனா டானரை வெளிய அனுப்பிட்டாங்க. மஸ்கட்டியர்ஸ் எடுத்த ரிச்சர்ட் லெஸ்டர் உள்ள வந்தார். சூப்பர்மேனோட அப்பாவா நடிச்ச மார்லன் பிராண்டோவோட பணத் தகராறு, அதனால அவர் நடிச்ச காட்சிகளைத் தூக்கிட்டு அம்மாவை வச்சு எடுத்தாங்க. வில்லன் ஜீன் ஹேக்மேன் திரும்பி வரல, சில இடத்துல டூப். மாடிக்குக் கதவும் இல்ல. அதனால 1980-ல வந்த 'சூப்பர்மேன் 2' முடிவுல, ஒரு முத்தம் குடுத்து லோயிஸோட ஞாபகத்தை அழிக்கறார். அந்த சக்தி எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறோம்ல? கிரிப்டான்ல இருந்து இல்லைங்க, எடுத்துட்டுப் போன ஒரு கிளைமாக்ஸ் விட்ட காலி இடத்துல இருந்து வந்துச்சு.

2006-ல டானர் எடுத்ததையெல்லாம் சேர்த்து அவரோட வடிவம் டிவிடியா வந்தது. பிராண்டோ திரும்ப வந்தார். காலத்தைத் திருப்பற முடிவும் திரும்ப வந்தது, அதுவும் முதல் படத்துல ஏற்கனவே பார்த்துட்ட நமக்கு! போதாததுக்கு, காலம் திரும்பினதுக்கப்பறம் கிளார்க் ஒரு ஓட்டலுக்குப் போய், முன்னாடி தன்னை அடிச்சவனைப் புரட்டி எடுக்கறார். புதுக் காலக்கணக்குல அவன் இன்னும் அடிக்கவே இல்லையே! ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ரெண்டு ஓட்டை.

ஆனா அதே படத்துல இன்னொரு காட்சி இருக்கு. கிளார்க்தான் சூப்பர்மேன்னு நிரூபிக்க லோயிஸ் அவர் மேல துப்பாக்கியால சுடறாங்க. இந்தக் காட்சியை டானர் எடுக்கவே இல்ல. கையில இருந்தது நடிகர் தேர்வுக்காக எடுத்த ஒத்திகைப் பதிவுகள்தான். கிறிஸ்டோபர் ரீவோடது ஒண்ணு, மார்கோ கிடரோடது ஒண்ணு. ரெண்டையும் வெட்டி ஒட்டினாங்க. ரீவ் ஒரு ஷாட்ல ஒல்லியா இருப்பார், அடுத்த ஷாட்ல தோள் அகலமா இருக்கும். முடி மாறும், கண்ணாடி மாறும். கன்டின்யூட்டி தப்புன்னா இதுதான் உச்சம்.

திரும்ப எடுத்திருக்கலாமேன்னு கேக்கறீங்களா? ரீவ் 1995-ல குதிரையில இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்து, 2004-ல இறந்துட்டார். பிராண்டோ போனதும் அதே வருஷம்தான். அந்த மாறுற முடியை நான் இப்போ பார்த்தா, வேஷம் இன்னும் உறுதியாகாத ஒரு ஒல்லிப் பையன் உயிரைக் குடுத்து நடிக்கறது தெரியுது. அந்தத் தப்பைச் சரி பண்ணா, அந்தப் பையன் காணாமப் போயிடுவான்.

1960-கள்ல மார்வெல் காமிக்ஸ்ல ஸ்டான் லீ ஒரு விளையாட்டு வச்சிருந்தார். பேரு 'நோ-பிரைஸ்', பரிசே இல்லாத பரிசு. கதையில தப்பு கண்டுபிடிச்சு எழுதினா கிடைக்கும். அப்பறம் விதி கொஞ்சம் மாறிச்சு: கண்டுபிடிச்சா மட்டும் பத்தாது, அது ஏன் தப்பில்லைன்னு விளக்கமும் சொல்லணும். ஜெயிச்சவங்க வீட்டுக்கு ஒரு காலிக் கவர் வரும்.

ஓட்டை எல்லாத்தையும் மன்னிக்கச் சொல்லல மக்களே. சிலது சுத்தமான அலட்சியம், திட்டுங்க. ஆனா பார்க்கிங் சண்டையில ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க. "கதைக்குள்ள இது ஏன் நடந்துச்சு?"ங்கறதோட நிறுத்தாம, "படம் எடுக்கும்போது என்ன நடந்துச்சு?"ன்னும் கேளுங்க. யாரோட காசு தீர்ந்துச்சு, யாரை வெளிய அனுப்பினாங்க, யார் திரும்ப வர முடியாமப் போனாங்க, எல்லாம் அந்த ஓட்டை வழியாத் தெரியும்.

காலிக் கவர் வேணும்னா நானே அனுப்பறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.