மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

அயல் மாநிலத்திற்கு வேலைக்குச் செல்லும் தமிழர் ஒருவர் புகைவண்டியில் அமர்ந்திருக்கிறார். உடன் வந்த ஒருவன், "அடுத்த நிலையத்தில் என் தம்பி வந்து பெற்றுக்கொள்வான்" என்று கூறி, ஒரு பையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிவிடுகிறான். சற்று நேரத்தில் அதிகாரிகள் வருகின்றனர். பையினுள் கஞ்சா இருக்கிறது. "இது என்னுடையதன்று" என்று அவர் தமிழில் கூறுவது அங்கே எவருக்கும் விளங்கவில்லை.

இது கற்பனைதான். எனினும் இத்தகைய நிலையில் அகப்பட்டவருக்குச் சட்டம் அளிக்கும் காப்பு யாது, அது எவ்வாறு உருவாயிற்று என்பது பிறந்த ஊரை விட்டு வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

அபினியைப் பற்றிய பழைய சட்டங்கள் மக்கள் நலத்தைக் கருதி எழுந்தவை அல்ல. காஜிப்பூரிலும் பாட்னாவிலும் அபினித் தொழிற்சாலைகளை நடத்தி, அவ்வாணிகத்தால் கருவூலத்தை நிரப்பிய ஆட்சி, தன் ஏகபோக உரிமையைக் காக்க 1857-இலும் 1878-இலும் சட்டங்களை இயற்றிற்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி குறிப்பிடத்தக்கது. தம்மிடம் அகப்பட்ட அபினிக்குத் தக்க காரணம் கூற இயலாதவர், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில் குற்றம் புரிந்தவராகவே கருதப்படுவார் என்பது அவ்விதி. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது என்பது பொது நெறி. வருவாயைக் காக்கும் பொருட்டு அந்நெறி அன்றே தலைகீழாக்கப்பட்டது.

1930-இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அதன்படி உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. மீண்டும் குற்றம் புரிந்தோர்க்கு நான்கு ஆண்டு. பின்னர்ப் போதைப்பொருள் கடத்தல் உலகெங்கும் பெருகவே, இம்மூன்று சட்டங்களுக்கும் மாற்றாக 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது விதித்த குறைந்த அளவுத் தண்டனையே பல குற்றங்களுக்குப் பத்து ஆண்டாயிற்று. 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஜாமீன் பெறுவதும் அரிதாயிற்று. கைப்பற்றிய அளவுக்கேற்பத் தண்டனையை வகுக்கும் முறை 2001-இல்தான் வந்தது. கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேற்பட்டது இன்று வாணிக அளவாகும்.

போதைப்பொருள் குடும்பங்களைச் சீரழிக்கிறது. ஆதலின் கடுமை வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் பழைய விதியின் சாயல் புதிய சட்டத்திலும் தொடர்ந்தது. பொருள் ஒருவரிடம் இருந்ததென்றால், குற்ற எண்ணமும் இருந்ததெனக் கருதலாம் என்றது அச்சட்டம். நீண்ட தண்டனையும் இத்தகைய அனுமானமும் ஒன்று சேரும்போது குற்றமற்றவரின் கதி யாது?

இவ்வினாவிற்கு விடை தந்தது அமிர்தசரஸ் விமான நிலையத்தில் தொடங்கிய ஒரு வழக்கு. 1997-இல் அங்கு வந்திறங்கிய ஆப்கானியர் ஒருவர் கொண்டுவந்த திராட்சைப் பெட்டியின் அட்டைகளுக்கிடையே 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாகச் சொல்லப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. ஆனால் அப்பெட்டியே நீதிமன்றத்தில் காட்டப்படவில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அனுமானம் செய்யும் விதிகள் செல்லும்; ஆயினும் பொருள் அவரிடம் இருந்தது என்னும் அடிப்படையை அரசே முதலில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்; அதன் பின்னரே பொறுப்பு எதிரியின்பால் மாறும் என்று அது கூறிற்று. தண்டனை எத்துணைக் கடுமையோ, சான்றும் அத்துணைக் கண்டிப்பாக இருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது காப்பு சோதனை முறை பற்றியது. ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழில் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வுரிமையை அதிகாரியே அவருக்கு எடுத்துரைக்க வேண்டும் என 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2010-இல் மற்றோர் அமர்வு இதனை மேலும் வலியுறுத்தியது. ஆனால் இவ்வுரிமை உடற்சோதனைக்கே உரியது. கையிலுள்ள பைக்குப் பொருந்தாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துள்ளது.

மூன்றாவது காப்பு ஒப்புதல் வாக்குமூலம் பற்றியது. போலீஸ் அதிகாரியிடம் கூறிய ஒப்புதல் சான்றாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் நெறி; 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத்திலும் அது நிலைத்துள்ளது. ஆனால் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அதிகாரிகள் போலீசார் அல்லர் என்று 1990-இல் கொண்ட கருத்தினால், அவர்களிடம் தந்த வாக்குமூலத்தைக் கொண்டே பலர் தண்டிக்கப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், 2020 அக்டோபர் 29-ஆம் நாள், மூன்று நீதிபதிகளில் இருவர் அக்கருத்தை மாற்றினர். அவ்வதிகாரிகளிடம் கூறிய ஒப்புதலும் இனித் தண்டனைக்குச் சான்றாகாது.

இனி நம் புகைவண்டிப் பயணியிடம் திரும்புவோம். பை பற்றிய வழக்கில் உடற்சோதனை விதி அவருக்கு உதவாது. அவர் வழக்கறிஞர் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. பையினுள் இருந்ததை அவர் அறிந்திருந்தாரா? கைப்பற்றிய பொருளுக்கு எப்போது முத்திரையிடப்பட்டது? ஆய்வுக்குச் சென்ற மாதிரி அதே பொருளிலிருந்து எடுக்கப்பட்டதுதானா? பொருள் இப்போது எங்கே?

வழக்கறிஞரை அமர்த்தப் பொருள் இல்லையெனினும் அஞ்ச வேண்டுவதில்லை. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறலாம். கைதுக்கான காரணத்தை அறிவதும், விரும்பிய வழக்கறிஞரைக் கலப்பதும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுசெல்லப்படுவதும் அரசியலமைப்பு தந்த உரிமைகள். இந்தி மட்டுமே அறிந்த ஒருவருக்குத் தடுப்புக் காவலின் காரணங்களை ஆங்கிலத்தில் தந்தது போதாது என்று 1962-இலேயே உச்ச நீதிமன்றம் கூறி அவரை விடுவித்தது. ஆதலின் "எனக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்பது முறையீடு அன்று, உரிமையே ஆகும். விளங்காத தாளில் கையொப்பமிடாதிருத்தல் நலம்.

பிறர் தரும் பையைச் சுமவாதிருப்பதே முதற்காப்பு என்பதில் ஐயமில்லை. அதையும் மீறி இடர் நேருமாயின், மெய்ப்பிக்கும் பொறுப்பு முதற்கண் அரசுடையதே என்பதை நாம் மறவாதிருப்போமாக.