மூன்று கேன் கடல்

கடல்நீர் மீன்தொட்டி பணக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாகூரிலோ வில்லியனூரிலோ தங்கமீன் வளர்க்கும் ஒரு பையனிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாதுண்ணா" என்பான். யூடியூபில் அவன் பார்த்த பட்டியல் அப்படி. இறக்குமதி உப்பு மூட்டை, ஸ்கிம்மர், சில்லர், கிலோக் கணக்கில் விற்கும் 'லைவ் ராக்'. இத்தனைக்கும் அவன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடல்.

நான் மென்பொருள்காரன். யாரோ எழுதி வைத்த பழைய நிரலைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, இந்த வரி யாருடைய சிக்கலுக்காக எழுதப்பட்டது என்பதுதான். அந்தச் சிக்கல் நமக்கு இல்லையென்றால் வரியைத் தூக்கிவிடலாம். மீன்தொட்டிப் பட்டியலையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு ஊர் இருந்தது. அது பெரும்பாலும் கடலுக்குத் தொலைவான ஊர்.

முதல் தொட்டி அப்படியல்ல. ழான் வில்பிரே என்ற பெண் 1794-இல் பிரான்ஸின் ஜுயாக் என்ற சிற்றூரில், செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்தார். பாரிஸுக்குப் போய்த் துணி தைத்தார். 1816-இல் ஓர் இளவரசியின் திருமண உடைக்குப் பூவேலை செய்து பெயர் வாங்கினார். அதே ஆண்டின் கடைசியில்தான் ஆங்கிலேயரிடமிருந்த புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1818-இல் ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை மணந்து சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்குக் குடிபோனார். கடல் வாசலில் இருந்தது. முறையாக அறிவியல் படிக்காத அந்தத் தையல்காரி அங்கே தானாகவே படித்து இயற்கையியலாளர் ஆனார்.

அவரைப் பிடித்து வைத்த கேள்வி ஒன்று. ஆர்கனாட் என்று ஒரு கணவாய் வகை உண்டு. காகிதம் போல மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதுவே செய்வதா, இல்லை துறவி நண்டு மாதிரி வேறெதனுடையதையோ எடுத்துக்கொள்கிறதா? செத்ததை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. கடலில் இறக்கும் கூண்டுகளைச் செய்தார். 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டிகளையும் செய்தார். ஓட்டை உடைத்துவிட்டுப் பார்த்தார். விலங்கு தானே ஒட்டுப்போட்டுச் சரிசெய்தது. கேள்வி தீர்ந்தது. இன்று வரவேற்பறையில் அழகுக்கு வைக்கும் பொருள், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கையால் செய்த கருவியாகத்தான் பிறந்திருக்கிறது.

அடுத்த கட்டம் லண்டன். அங்கே கடல் கிடையாது. 1846-இல் ஆனா தைன் என்ற சீமாட்டி டார்க்கீ கடற்கரையில் பார்த்த பவள உயிரிகளை ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் கெடாமல் இருக்க அதில் காற்று கலக்க வேண்டும். மோட்டார் ஏது? வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். டீக்கடையில் ஆற்றுவது போலத்தான். ஆனா தைன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஊற்றியவள் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. 'செலவில்லாமல் செய்தேன்' என்று யாராவது சொன்னால், ஊற்றியது யார் என்று கேட்கலாம்.

பிறகு 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் தன் புகழ்பெற்ற மீன்தொட்டி நூலை வெளியிட்டார். கடலில்லாத ஊர்க்காரர்களுக்காக அதே ஆண்டு செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறையும் கொடுத்தார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, நல்ல தண்ணீர். இன்றைய உப்பு மூட்டையின் கொள்ளுத்தாத்தா இதுதான். மூட்டை ஒரு வணிகப் பொருளாகப் பரவியது 1960-களில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலிருந்து. வரைபடத்தைப் பாருங்கள், ஓஹையோவுக்குக் கடற்கரையே கிடையாது. ஆக அந்த மூட்டை ஓஹையோக்காரனின் பிரச்சினைக்குத் தீர்வு. பாகூர்க்காரனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

"அப்போ கல்லுப்பு போட்டா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் நாம் சாப்பிடும் உப்புதான். ஆனால் மரக்காணத்தில் பாத்தி கட்டி வெயிலில் காய்ச்சும்போது அந்த உப்பு படிய, மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கல்லுப்பு என்பது கடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி. அதைத் திரும்பக் கரைத்தால் கடல் வராது.

உப்பு என்றதும் இந்த மண்ணுக்கே உரிய ஒரு கணக்கும் ஞாபகம் வருகிறது. 1815 மார்ச் 7 அன்று லண்டனில் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் உள்ளூர்த் தேவை போக மிஞ்சும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு. ஏற்பாட்டுக்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரர்களுக்கு. வெயிலும் கடலும் இங்கே, விலை பேசியது அங்கே. இருநூறு வருடம் கழித்து அதே கரையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடலுப்பை மூட்டையில் வாங்குகிறோம்.

கடலோரக்காரன் முறையையும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அதை விளக்கினார். இயற்கைக் கடல்நீர், உயிரோடிருக்கும் பாறைத்துண்டு, மணல், வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி. தனி ஃபில்டர் கிடையாது. மேற்குலகம் அப்போது நம்பவில்லை. இன்று உலகம் முழுக்கப் பவளத் தொட்டிகள் நிற்பது கிட்டத்தட்ட அந்த அடிப்படையில்தான்.

அது வேலை செய்த காரணம் எளிது. மீன் கழிப்பது அம்மோனியா, அதற்கே அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டி இவற்றைப் பிரித்துக் காட்டினார். லீயின் பாறை வெறும் பாறையல்ல, இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் காலனி.

இங்கேதான் நாம் ஜகார்த்தாவிடமிருந்து பிரிய வேண்டும். பவள உயிரிகள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து பவளப்பாறையை உடைத்து வருவதும் விற்பதும் குற்றம். சட்டம் சும்மா வரவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் சிமென்ட்டுக்காகவும் பல காலம் பவளம் வெட்டினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கடியில். இங்கிலாந்திலும் காஸின் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனவர்கள் பாறைக்குழிகளைச் சுரண்டித் தீர்த்தார்கள். அந்த அழிவில் தன் அப்பாவின் பங்கை அவர் மகனே பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார்.

பாக்டீரியாவுக்குப் பவளம்தான் வேண்டும் என்றில்லை. நுண்துளை உள்ள எந்த மேற்பரப்பும் போதும். சுடுமண் அப்படிப்பட்டது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. வண்ணமோ மெருகோ பூசாத உடைந்த சட்டித் துண்டுகளை நன்றாகக் கழுவி, சில நாள் ஊறவைத்து அடுக்கினால் குகையும் மேடும் தயார். கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடி.

கணக்குப் போடுவோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று இருந்தால் கடல் கிடைத்துவிடும். கரையில் அலை கலக்கும் இடத்தில் மொள்ளக் கூடாது. படகில் போகிறவரிடம் கேனைக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவார். எனக்கு எடுத்துக் கொடுத்தவர், "மழைக்காலத்துல வராத தம்பி, ஆத்துத் தண்ணி கலந்து கெடக்கும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் சுண்ணாம்பாறும் கொட்டும்போது கரையோர உப்பு இறங்கிவிடும். எடுத்த நீரை மூடி, இருட்டில் இரண்டு வாரம் காற்று விட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் செத்துப் படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் மீனில்லாமல் தொட்டியை ஓடவிட வேண்டும். ஒரு சிட்டிகை மீன்தீனி அழுகி அம்மோனியா வரட்டும், பாக்டீரியா பெருகட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்ததைச் சோதனைக் குப்பியில் பார்த்த பிறகே மீன். அந்தக் குப்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சில்லருக்குப் பதில் ஒரு சிறிய மின்விசிறி. நீர்ப்பரப்பின் மேல் காற்று ஓடினால் ஆவியாகும் நீர் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். மின்சாரம் போனால்? 2011 டிசம்பர் 30 தானே, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், இரண்டையும் பார்த்த ஊர் இது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அவசியம். அதுவும் நின்றால் ஒரு சொம்பை எடுத்து மொண்டு மொண்டு ஊற்ற வேண்டியதுதான், லண்டன் வேலைக்காரப் பெண்ணைப் போல. இந்த முறை நாமே.

மீனுக்கு ஒரு ஜோடி சிறிய கோமாளி மீன் போதும். கடலில் பிடித்ததா, குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கடையில் கேளுங்கள். கடலூரைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டிவிட்டார்கள். கடலிலிருந்து பிடித்துத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு மூத்த வரலாறும் உண்டு. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் கடல்நீர் மீன்காட்சியகம் 1909-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் மூடினார்கள். அதற்கும் கடல் எதிரிலேயே இருந்தது.

கடைசியாக ஒரு விஷயம். தொட்டியிலிருந்து தினமும் ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்ததை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழைநீர் சிறந்தது, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா என்று பாகூர்ப் பக்கம் கேட்டால், முதலில் அதை அளந்து பார் என்றுதான் சொல்ல முடியும். நிலத்தடியிலும் இதே கணக்குதான் நடக்கிறது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கிழக்கிலிருந்து கடல் நகர்ந்து வருகிறது. புதுச்சேரிக் கரையோரக் கிணறுகள் உப்பாவது புதுச் செய்தியல்ல. ஏரிப் பாசனத்துக்குப் பெயர் வாங்கிய பாகூருக்கே இது கவலையாகிவிட்டது.

ஓஹையோக்காரன் உப்பைத் தேடினான். இங்கே தொட்டி வைக்கிறவன் வாரத்துக்கு நாலைந்து லிட்டர் நல்ல தண்ணீரைத் தேட வேண்டும். மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்து மழையைப் பிடிப்பதுதான் பட்டியலில் நான் சேர்க்கும் ஒரே பொருள். மீன் செத்துப்போனாலும் டிரம்மை எடுத்துவிடாதீர்கள்.