சோளிங்கரிலிருந்து மெய்க்டிலா வரை: வேவு வண்டியின் பூர்வீகம்

ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு வழித்துணை விசைத்தறிச் சத்தமும் தொலைவில் தெரியும் நரசிம்மர் மலையும்தான். அந்த மலையடிவாரத்து வெளிக்கும், இங்கிலாந்தில் பழைய வாகனப் பிரியர்கள் துருநீக்கி, வண்ணம் பூசி, கண்காட்சித் திடல்களில் ஓட்டிக்காட்டும் ராணுவ ஸ்கவுட் கார்களுக்கும் உறவுண்டு என்று சொன்னால் நம்மில் பலர் சிரிக்கக்கூடும். உறவு உண்டு. அதைச் சொல்லுமுன் வண்டியைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

இரண்டாம் உலகப்போரின் பெயர்பெற்ற ஸ்கவுட் கார் 'டெய்ம்லர் டிங்கோ'. ஏறத்தாழ மூன்று டன் எடை, உள்ளே இருவர், ஒரு பிரென் துப்பாக்கி. சண்டையிடுவது இதன் வேலை அல்ல. எதிரி இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பிவந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆகவே முன்னே ஓடுவதற்கு ஐந்து கியர் என்றால் பின்னே ஓடுவதற்கும் ஐந்து கியர் வைத்தார்கள். ஓட்டுநர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி வண்டியைப் பின்னோக்கி விரட்ட வசதியாக அவருடைய இருக்கையைச் சற்றுச் சாய்கோணத்தில் பொருத்தினார்கள். திரும்பி ஓடுவதை இத்தனை மரியாதையோடு நடத்திய போர்க்கருவி வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

அதன் வாரிசு 1952இல் வந்த 'ஃபெரெட்'. 1971 வரை நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகள் தயாராயின. இந்திய ராணுவமும் இலங்கை ராணுவமும் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. புதுப்பிப்பவர்களிடம் இன்று மிகுதியாக இருப்பதும் அதுதான். அதன் கியர்ப்பெட்டியில் வேண்டிய கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, பிறகு மிதியை அழுத்தினால்தான் கியர் மாறும். உள்ளிருக்கும் பட்டைகள் சரியாக முடுக்கப்படாவிட்டால் மிதி திருப்பி உதைக்கும், முழங்காலுக்கு ஆபத்து. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஒரு டிஃபரென்ஷியல் என்பதால் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடினால் அச்சுகளில் முறுக்கு ஏறிக்கொள்ளும். அதை அவிழ்க்க ஒருபக்கச் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்குவார்கள். இதையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொண்டு ஒரு வண்டியை உயிர்ப்பிக்கிறவர்களிடம் நமக்கு மதிப்பு உண்டு.

இனி சோளிங்கர். 1781ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஹைதர் அலியும் அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். அந்த ஆண்டில் பறங்கிப்பேட்டை, பொள்ளிலூருக்குப் பிறகு நடந்த பெரிய போர் இது. கம்பெனிப் படையின் பெருங்குறை குதிரைகள். மைசூர்க் குதிரைவீரர்கள் சுற்றி வளைத்திருந்த நாட்டில் கூட்டுக்கு உணவு கிடைப்பதே அரிது. செய்தி கிடைப்பது அதனினும் அரிது. பார்த்துவந்து சொல்லக் கண்கள் இல்லாத படை அது. அதனிடம் இருந்த சிறு குதிரைப்படை, ஆற்காட்டு நவாபின் சேவையில் திரட்டப்பட்டுப் பின்னர் கம்பெனிக்குக் கைமாறிய ரெஜிமென்டுகளைச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்றுதான் இன்று இந்திய ராணுவத்தில் '16ஆவது கேவல்ரி' என்று இருக்கிறது. 'சோளிங்கர்' என்ற பெயர் அதன் போர்விருதுகளில் ஒன்று.

குதிரை போய் எந்திரம் வந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்த ரெஜிமென்ட் கவச வண்டிகளில் ஏறியது. டிங்கோவின் அண்ணன்மாராகிய இவையும் வேவு பார்க்கும் வேலைக்குத்தான். பிரிட்டனிலிருந்து வந்தவை போதாமல், கனடாவின் ஃபோர்டு அடிச்சட்டத்தின்மீது டாட்டாவின் உருக்குத் தகடு பொருத்தி, இந்தியாவிலேயே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கவச வண்டிகள் கட்டப்பட்டதையும் இங்கே சொல்லவேண்டும். சிப்பாய்கள் அவற்றை 'டாட்டாநகர்' என்றே அழைத்தார்கள்.

1945 ஜனவரியில் 16ஆவது கேவல்ரி குவெட்டாவிலிருந்து இம்பாலுக்கு ஏறத்தாழ 3,500 மைல் சக்கரங்களிலேயே போய்ச் சேர்ந்தது. பலூசிஸ்தான் பாலையிலிருந்து மணிப்பூர் மலைவரை, துணைக்கண்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு! தலைமை தாங்கியவர் ஜெ.என்.சௌதுரி, பின்னாளில், 1948இல், ஹைதராபாத் நடவடிக்கையில் படைநடத்தியவரும் 1965 போரின்போது ராணுவத் தளபதியாக இருந்தவரும் அவரே. இம்பாலைத் தாண்டி, ஐராவதியைக் கடந்து, மார்ச் மாதத்தில் மெய்க்டிலா. அங்கிருந்து ரங்கூன் சாலை, பெகு, சிட்டாங். சோளிங்கர் இருந்த அதே வரிசையில் இந்தப் பெயர்களும் ஏறின.

ஆனால் அந்தக் கவச வண்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் ஆற்காட்டுச் சீமைக்காரர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'போர்க்குடிகள்' என்று சிலரைப் பொறுக்கியெடுத்த ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மதராஸ்காரர்களைச் சேர்ப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். குதிரைப்படையில் தென்னாட்டார் ஏறக்குறைய இல்லாமலேயே போனார்கள். ஊரின் பெயரைக் கொடியில் வைத்துக்கொண்டு ஊர்க்காரனை வெளியே நிறுத்திய கதை இது. இதைப் படித்தபோது நமக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நாடு விடுதலை பெற்றபின் இந்த ரெஜிமென்டுக்குத் தென்னிந்தியர் திரும்பி வந்தார்கள். 1965இல் அதே ரெஜிமென்ட் சியால்கோட் முனையில் பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கிகளோடு போரிட்டது.

புதுப்பிக்கப்பட்ட வண்டிகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஓடுகிற ஒவ்வொரு ஃபெரெட்டோடும் அது எந்தப் படையில், எந்த நாட்டில் உழைத்தது என்ற குறிப்பையும் அதன் உரிமையாளர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். வண்ணத்தையும் எண்ணையும் அதன்படியே எழுதுகிறார்கள். நம்மிடம் அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) 1994இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகம் உண்டு. பழைய கவச வண்டிகள் அங்கே ஓடாமல் நிற்கின்றன. சோளிங்கர் என்ற சொல்லை அங்கே போய்த்தான் ஒருவர் கேட்கவேண்டும் என்பதில்லை. ஆர்.கே.பேட்டை 1911 வரை வடஆற்காட்டிலும், அதன்பின் 1960 வரை சித்தூரிலும் இருந்து, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்து ஆவடியில்தான் 1965 இறுதியில் நம் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளிவந்தது. அதன் வடிவமும் பிரிட்டனிலிருந்து வந்ததே. குதிரையின் குளம்படி பட்ட வெளிக்கும் டாங்கி உருண்டுவந்த வாசலுக்கும் இடையே ஒரு பகல் பேருந்துப் பயணம்தான்.