போன்மி

போன்மி (பெயர்ச்சொல்): ஒரு கணினியின் வன்பொருளை இன்னொரு கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கச் செய்யும் நிரல், எமுலேட்டர்.

வேர்: ‘போல்’. ‘போலும்’ என்பது செய்யுளில் ‘போன்ம்’ என்று குறுகும். மகரக்குறுக்கத்துக்கு இலக்கண நூல்கள் காட்டும் சொல் இது. எமுலேட்டர் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘நிகராக நிற்க முயலுதல்’ என்று பொருள். 1960களில் ஐபிஎம் பொறியாளர்கள் எமுலேட்டர் என்ற சொல்லைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார்கள்.

சதுரங்கக் கருவிகளில் இச்சொல்லின் பொருள் தெளிவாக விளங்கும். 1980களில் ஜெர்மனியின் மெஃபிஸ்டோ கருவிகளுக்காக ரிச்சர்ட் லாங் எழுதிய நிரல்கள் மோட்டோரோலா 68000 வகைச் செயலிகளில் ஓடின. இன்று ‘மேம்’ என்னும் போன்மி அந்த நிரல்களைத் திருத்தி எழுதுவதில்லை. ரோம் சில்லிலிருந்து படியெடுத்ததை அப்படியே ஏற்று, செயலியின் கட்டளைகள், பொத்தான்கள், விளக்குகள், காய் வைத்ததை உணரும் பலகை ஆகிய அனைத்தையும் மென்பொருளாலேயே அமைத்துத் தருகிறது. பழைய நிரலே பழைய வேகத்தில் சிந்திக்கிறது. அதனால் ஆட்டத்தின் குணமும் மாறுவதில்லை.

வெளித்தோற்றம் மட்டும் ஒத்திருந்தால் அது பாவனை. உள்ளியக்கமும் ஒத்திருந்தால்தான் போன்மி. எழுதுவோர் இரண்டையும் பிரித்தே ஆள வேண்டும்.