பன்றிக் குட்டி ஈனும் அறையின் தரை

சினைப்பன்றியை ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே தனி அறைக்கு மாற்றுவார்கள். குட்டிகள் பால் மறக்கும் வரை தாயும் அவையும் அங்கேயே இருக்கும். வெள்ளை யார்க்‌ஷயர் போன்ற இனங்களில் தாய் 200 கிலோவைத் தாண்டும். பிறந்த குட்டி 1 முதல் 1.5 கிலோதான் இருக்கும். ஒரே தரை இந்த இரண்டு உடல்களுக்கும் பொருந்த வேண்டியிருப்பதால், அறை முழுவதும் ஒரே பொருளால் தளம் போடுவது பெரும்பாலும் குறையுடையதாகவே அமைகிறது.

தேவைகள்

தாய்க்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் வெப்பம் இதமானது. பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 பாகை தேவை. உடலில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் ஈரத்தரையில் படுக்கும் குட்டி விரைவில் விறைத்துப்போகும். கதகதப்புக்காகத் தாயை ஒட்டிப் படுத்து நசுங்கவும் செய்யும். வழுக்கும் தரையில் பின்னங்கால் அகன்ற குட்டிகளின் நிலை மோசமாகும். சொரசொரப்பு மிகுந்த தரையோ, பால் குடிக்க உந்தும் குட்டிகளின் முன்முழங்காலைச் சில நாளிலேயே தேய்த்துப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியே கிருமி நுழைந்தால் மூட்டு வீங்கும்.

தரை வகைகள்

*கான்கிரீட் தளம்:* செலவு குறைவு, உழைப்பு அதிகம். தினமும் சாணம் அள்ளிக் கழுவ வேண்டும். மழமழப்பான கடப்பாக்கல் நனைந்தால் வழுக்குவதால் இதற்கு மாற்றாகாது.

*சலாகைத் தரை:* சாணமும் சிறுநீரும் இடைவெளி வழியே கீழே இறங்கிவிடும். வார்ப்பிரும்பு தாயின் உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் குட்டிகளுக்குச் சில்லென்று இருக்காது. அதனால் தாய் படுக்கும் இடத்தில் இரும்பும் சுற்றிலும் பிளாஸ்டிக்கும் அமைப்பதுண்டு. கான்கிரீட் சலாகைகளுக்கு இடையே குட்டிகளுக்கான இடைவெளி 11 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதி. பரண் மேல் ஆடு வளர்ப்புக்கு விற்கப்படும் பிளாஸ்டிக் சலாகைகளை, தாங்கும் எடையையும் இடைவெளியையும் பார்க்காமல் இங்கே பொருத்தக்கூடாது.

அணைக்கட்டுப் பகுதிக்கு ஏற்ற அமைப்பு

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மார்கழி, தை இரவுகளில் 20 பாகைக்குக் கீழே இறங்கும். கோடையில் குளிர்ந்த கான்கிரீட் தாய்க்கு நல்லது. குட்டிகளின் மூலைக்கோ ஆண்டு முழுவதும் உலர்ந்த படுக்கையும், குளிர்நாளில் மின்விளக்குச் சூடும் வேண்டும். ஆகவே சிறு பண்ணைக்குக் கான்கிரீட் தளமும், தாய் நுழைய முடியாதபடி தடுத்த குட்டி மூலையில் ரப்பர் விரிப்பு அல்லது நறுக்கிய வைக்கோலும் பொருத்தமான சேர்க்கை. சலாகைத் தரைக்குக் கீழே குழியும் கழிவு வெளியேறும் வழியும் கட்ட வேண்டும் என்பதால், அது பல தாய்ப்பன்றிகள் வைத்திருப்போருக்கே கட்டுப்படியாகும்.

வைக்கோல், மரத்தூள், நிலக்கடலைத் தொலி ஆகியவற்றில் எதைப் பரப்பினாலும் பூசணம் இருக்கக்கூடாது. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் கழியும் குரோம் தோல் சீவலைப் படுக்கையாக்குவது தவறு. குட்டிகள் அதை மென்று விழுங்கக்கூடும்; எருவோடு சேர்ந்து குரோமியம் வயலுக்கும் போகும்.

கட்டுமானம்

இந்தியத் தர அளவுகளின்படி, ஈனும் அறைக்குக் கூரையடியில் 7 முதல் 9 சதுர மீட்டர் இடம் தேவை. தளம் சாக்கடை நோக்கி மீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சரிய வேண்டும். மேற்பரப்பைக் கரணையால் இழைக்காமல் மணியாசுக் கட்டையால் தேய்த்து முடித்தால் வழுக்காது, முழங்காலையும் அறுக்காது. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பதிக்கும் இரும்புக் குழாய், தாய் சாயும்போது குட்டிகள் ஒதுங்க இடம் தரும். புதுச் சிமெண்டின் காரம் தோலையும் மடிக்காம்பையும் அரிக்கும். பலமுறை நீர்விட்டுக் கழுவிய பிறகே பன்றியை விட வேண்டும்.

பராமரிப்பு

ஒவ்வோர் ஈற்றுக்குப் பின்னும் தரையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, முழுதும் உலரவிட வேண்டும். வெடிப்புகளில் சாணம் தங்கினால் குட்டிகளுக்குக் கழிச்சல் தொடரும். தாயின் தோளில் அழுத்தப்புண், குளம்பில் பிளவு, பல குட்டிகளின் முழங்காலில் காயம் ஆகியவை சேர்ந்து தென்பட்டால், மருந்தோடு தரையையும் சரிசெய்தாக வேண்டும்.