புளி ஊத்தினா கறி வேகாதா? தால்ச்சாவில் எதை முதலில் போடணும், எதை கடைசியில் போடணும்?

"கறி வேகுறதுக்குள்ள புளியை ஊத்திடாத, அப்புறம் விடிய விடிய அடுப்புல கெடக்கும்." பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கை இது. இதில் எவ்வளவு உண்மை? புளிப்பும் இனிப்பும் சேர்ந்த கறிக் குழம்பை வீட்டில் வைக்கும்போது பருப்பு விறைத்துப் போவது, குழம்பு அடிப்பிடிப்பது, மறுநாள் கெட்டுப்போவது ஏன்? புதுக்கோட்டை மாவட்டத்தின் விருந்துப் பந்திகளில் பிரியாணிக்கும் நெய்ச்சோறுக்கும் துணையாக வரும் தால்ச்சாவை வைத்தே இதற்கு விடை தேடலாம்.

தால்ச்சா என்றால் என்ன?

ஆட்டு எலும்பும் கறியும், பருப்பும், காய்கறியும், புளிப்பும் ஒரே சட்டியில் சேரும் குழம்புதான் தால்ச்சா. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இஸ்லாமியர்கள் அதிகம் வாழும் ஊர்களில் கல்யாண விருந்துக்கு இது பழக்கமான உணவு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழம்பை 'ஆணம்' என்று சொல்வார்கள். பருப்பும் புளியும் சேர்ந்த கறி ஆணம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது இந்த மாவட்டத்தோடு நிற்கவில்லை. ஹைதராபாத்தில் சுரைக்காய் போட்ட தால்ச்சா பிரபலம். மலேசியாவில் நெய்ச்சோறு போன்ற விருந்துச் சோறுகளோடு இதே பெயரில் பரிமாறுகிறார்கள். பார்சி மக்களின் தான்சாக்கும் பருப்பும் கறியும் புளிப்பும் இனிப்பும் கலந்ததுதான். ஊருக்கு ஊர் மசாலா மாறினாலும், அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

புளிப்பும் இனிப்பும் எங்கிருந்து வருகிறது?

புளிப்புக்கு நம் சமையலறையில் பல வழிகள் உண்டு. புளியில் இருப்பது பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். தக்காளியிலும் எலுமிச்சையிலும் சிட்ரிக் அமிலம். தயிரில் லாக்டிக் அமிலம். வினிகரில் அசிட்டிக் அமிலம்.

இனிப்புக்கு வெல்லமோ சர்க்கரையோ போட்டே ஆகணும் என்பதில்லை. நன்றாக வதங்கிய சின்ன வெங்காயம், தேங்காய், கடலைப்பருப்பு மூன்றும் சேர்ந்தாலே குழம்பில் மெல்லிய இனிப்பு வந்துவிடும். மாங்காய் சீசனில் இன்னும் சுலபம். பழுக்கத் தொடங்கிய செங்காய் ஒன்றை வெட்டிப் போட்டால் புளிப்பும் இனிப்பும் ஒரே காயில் கிடைத்துவிடும். மாங்காய் கிடைக்காத மாதங்களில்தான் புளியோடு ஒரு சின்ன துண்டு வெல்லம் தேவைப்படும்.

புளி ஊத்தினா வேகாதது எது?

கறியை விட, பருப்பும் காயும்தான்.

பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைக்காய் போன்றவற்றின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் உள்ளிட்ட பொருட்கள். கொதிக்கும் தண்ணீரில் இவை கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும், பருப்பு மசியும். தண்ணீரில் புளிப்பு இருந்தால் இவை கரைவது மிகவும் மெதுவாகிவிடும். அதனால்தான் பாதி வெந்த பருப்பில் புளியை ஊற்றினால், அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் பருப்பு முழுசாகவே நிற்கிறது.

கறியில் கதை வேறு. எலும்பை ஒட்டியிருக்கும் சவ்விலும் நரம்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீரோடு நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் அது ஜெலட்டினாக மாறும். கறி பஞ்சு போல ஆவதும், குழம்பு கொழகொழப்பாக வருவதும் இதனால்தான். லேசான புளிப்பு இதைத் தடுப்பதில்லை. ஆக, "புளி ஊத்தினா கறி வேகாது" என்பது முழு உண்மை இல்லை.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது தவறா? அதுவும் இல்லை. கறி வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முதலிலேயே புளியை ஊற்றினால், தண்ணீர் வற்ற வற்ற புளிப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ருசி பார்க்கும்போது திருத்த இடமிருக்காது. அதே சட்டியில் பருப்பும் காயும் இருந்தால் அவையும் விறைத்துவிடும். காரணம் வேறாக இருந்தாலும் வழிமுறை சரிதான்.

போர் தண்ணீரும் ஒரு காரணம்

புளி ஊற்றாமலே பருப்பு வேக மாட்டேங்குதா? தண்ணீரைக் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம் இருந்தால் அவை பருப்பின் பெக்டினை இறுக்கிவிடும். மழைநீர் தேங்கும் ஊருணித் தண்ணீரில் இந்த உப்புகள் பொதுவாகக் குறைவு. வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், பருப்பு வேகவைக்க மட்டும் குடிநீரைப் பயன்படுத்திப் பாருங்கள். பழைய பருப்பும் வேக நேரம் எடுக்கும். அரை மணி நேரம் ஊறவைத்தால் பலன் தெரியும்.

வீட்டில் தால்ச்சா வைப்பது எப்படி?

நான்கைந்து பேருக்குத் தேவையானவை: எலும்போடு ஆட்டுக்கறி அரை கிலோ, துவரம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் 20, தக்காளி 2, பச்சை மிளகாய் 4, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, வாழைக்காய் 1, கத்திரிக்காய் 4, மாங்காய் 1, நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள், பட்டை, கிராம்பு, ஏலக்காய், புதினா, கொத்தமல்லி, உப்பு. மாங்காய் இல்லையென்றால் புளியைச் சின்ன எலுமிச்சை அளவுக்கு எடுத்து, ஒரு டீஸ்பூன் வெல்லம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பருப்பு. ஊறவைத்த இரண்டு பருப்பையும் மஞ்சள்தூள் போட்டுத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள்.

2. அடுத்து கறி. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு, வெங்காயம் பொன்னிறமாக வதங்கட்டும். இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், புதினா, கறி, தூள் வகைகள், உப்பு சேர்த்துக் கிளறி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். முற்றின ஆட்டுக்கறி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

3. பிறகு காய். வெந்த கறியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, முதலில் வாழைக்காய், ஐந்து நிமிடம் கழித்துக் கத்திரிக்காய் போடுங்கள். கத்திரிக்காய் முக்கால் பதம் வெந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து வரும் புளிப்பு அதைக் கரையாமல் காப்பாற்றும். காயை விறைக்க வைக்கும் அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

4. இப்போதுதான் புளிப்பு. மசித்த பருப்பு, நறுக்கிய தக்காளி, புளிக்கரைசல், மாங்காய்த் துண்டு, அரைத்த தேங்காய் சேர்த்து, புளியின் பச்சை வாசனை போக எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பருப்பு அடியில் தங்கும். நடுநடுவே கிளறிவிடுங்கள்.

5. கடைசியில் இனிப்பு. வெல்லம் போடுவதாக இருந்தால் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு. கெட்டிக் குழம்பில் சீக்கிரமே வெல்லம் போட்டால் அடிப்பிடிக்கும், கசப்பும் தட்டும். கொத்தமல்லி தூவி இறக்கினால் தால்ச்சா தயார்.

கோழியில் செய்தாலும் வரிசை இதேதான். கறி மட்டும் சீக்கிரம் வெந்துவிடும்.

புளிப்பு கூடிப்போனா என்ன பண்ணலாம்?

வெல்லம் போட்டால் நாக்குக்குப் புளிப்பு குறைந்தது போலத் தெரியும். ஆனால் குழம்பில் உள்ள அமிலம் அப்படியேதான் இருக்கும். புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் நெஞ்செரிச்சல் வருபவர்களுக்கு வெல்லம் தீர்வு ஆகாது. கொஞ்சம் வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ தண்ணீரோ சேர்த்துக் குழம்பின் அளவைக் கூட்டுவதுதான் வழி. இனிப்பு கூடிப்போனால் ஒரு ஸ்பூன் புளிக்கரைசலும் ஒரு சிட்டிகை உப்பும் போதும்.

எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம்?

புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பழக்கம் வந்ததே இதற்காகத்தான். அலுமினியப் பாத்திரத்திலும் புளிப்பான குழம்பை நீண்ட நேரம் கொதிக்கவிடுவதோ, இரவு முழுக்க வைத்திருப்பதோ வேண்டாம். அலுமினிய குக்கர் வைத்திருப்பவர்கள் கறியையும் பருப்பையும் மட்டும் அதில் வேகவைத்துவிட்டு, புளி ஊற்றும் முன்பு எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிடலாம்.

ஹோட்டல் 'ஸ்வீட் அண்ட் சோர் சிக்கன்' வீட்டில் செய்தால்?

தென் சீனாவின் கான்டன் பகுதிச் சமையலில் இருந்து உலகம் முழுக்கப் போன உணவு இது. அங்கே புளிக்குப் பதில் வினிகர், வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை. கோழித் துண்டைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, வினிகர், சர்க்கரை, தக்காளி சாஸ் கலந்த கலவையில் கடைசியில் பிரட்டி எடுப்பார்கள். இங்கேயும் விதி ஒன்றுதான்: கோழி முழுசா வெந்த பிறகே இனிப்பு சாஸ். இல்லையென்றால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். கோழியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால்தான் பாதுகாப்பு.

அன்னாசி சேர்ப்பவர்கள் கவனிக்க. பச்சை அன்னாசியிலும் பப்பாளிக்காயிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. முற்றிய கறியில் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுவது இதற்குத்தான். அரை மணி நேரத்துக்கு மேல் ஊறினால் கோழிக்கறி மாவு போல ஆகிவிடும்.

சிவப்பு நிறத்துக்குக் கலர் பொடி வேண்டாம். இறைச்சி வறுவல், கபாப் போன்றவற்றில் செயற்கை நிறமி சேர்க்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி இல்லை. 2024 ஜூன் மாதம் கர்நாடக அரசு கபாப்களில் செயற்கை நிறமிக்குத் தடை விதித்து உத்தரவிட்டது. காஷ்மீரி மிளகாய்த்தூளும் தக்காளியும் போதுமான நிறம் தரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

அளவுதான் முக்கியம். தால்ச்சா முழுச் சட்டிக்கும் ஒரு டீஸ்பூன் வெல்லம் என்றால், ஒருவர் பங்குக்கு வருவது ஒரு கிராம் அளவுதான். ஆனால் சீன பாணி சாஸுக்குக் கால் கப் சர்க்கரை போட்டால் அது மட்டுமே சுமார் 50 கிராம். இதோடு ஒரு மேசைக்கரண்டி தக்காளி சாஸில் சுமார் 4 கிராம் சர்க்கரை தனி. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "வெல்லம்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று நினைக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரையை வெல்லமும் ஏற்றும்.

"புளி போட்டிருக்கு, கெடாது" என்பது உண்மையா?

அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். எண்ணெய் மிதக்கச் சுண்டவைத்த புளிக்குழம்பு ஒரு நாள் தாங்குவதைப் பார்த்து, தால்ச்சாவும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. இதில் கறியும் பருப்பும் தேங்காயும் தண்ணீரும் அதிகம். புளிப்பு அதற்கு முன்னால் கம்மி.

விசேஷ வீடுகளில் பெரிய அண்டாவில் மீந்த குழம்பை மூடி வைத்துவிட்டு, இரவு எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். பெரிய பாத்திரம் ஆற மணிக்கணக்காகும். அந்த இளஞ்சூட்டில், கொதியிலும் சாகாத சில பாக்டீரியா வித்துகள் முளைத்துப் பெருகும். வாசனை மாறாமலே வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வருவது இப்படித்தான்.

என்ன செய்யணும்? சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள். அண்டாவோடு வைக்காமல், ஆழம் குறைந்த சின்னப் பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். மறுபடி எடுக்கும்போது தேவையானதை மட்டும் தளதளவென்று கொதிக்கவையுங்கள். நீண்ட நேரம் வெளியே கிடந்ததைக் கொதிக்கவைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கொட்டிவிடுவதே நல்லது.

சுருக்கமாக

பருப்பும் கறியும் முதலில், காய் அடுத்து, புளிப்பு அதற்குப் பிறகு, இனிப்பு கடைசியில். புளி ஊற்றும் முன்பு அலுமினியம், ஈயம் பூசாத பித்தளையிலிருந்து மாற்றுங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரவையுங்கள்.