பொன்முதுகு மரங்கொத்தி: கூடும் குஞ்சுகளும்

பொன்முதுகு மரங்கொத்தி இந்தியத் துணைக்கண்டத்துச் சமவெளிகளில் பரவலாகக் காணப்படும் பறவை. 26 முதல் 29 செ.மீ. நீளம் இருக்கும். அடர்காட்டைத் தேடிப் போகாமல் தென்னந்தோப்பிலும் சாலையோர மரத்திலும் கூடு வைப்பதால், மரங்கொத்தியின் குடும்ப வாழ்க்கையைக் கவனிக்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான இனம் இல்லை. யாழ்ப்பாணம் உள்ளிட்ட வட இலங்கையிலும் முதுகு பொன்னிறமே. தெற்கே போனால் முதுகு சிவந்த வேறோர் இனம்.

இனப்பெருக்கக் காலம் பிப்ரவரி முதல் ஜூலை வரை. பட்டுப்போன தென்னையின் அடியில் புதுச் செதில்கள் சிதறிக் கிடந்தால் மேலே பொந்து குடையப்படுகிறது என்று கொள்ளலாம். வாசல் நேராக உள்ளே போய்ப் பிறகு கீழே இறங்கும். உள்ளே புல்லோ இறகோ பரப்புவதில்லை. பளபளப்பான வெள்ளை முட்டைகள், வழக்கமாக மூன்று.

இதற்குப் பிறகு எல்லாம் மரத்துக்குள்ளேதான். வாசலில் நடப்பதைக் கொண்டே உள்ளே நடப்பதைக் கணிக்க வேண்டும். ஆணுக்கு உச்சந்தலை முழுதும் சிவப்பு. பெண்ணுக்குப் பின்கொண்டை மட்டும் சிவப்பு, முன்தலை கருப்பில் வெள்ளைப் புள்ளி. ஆகவே பொந்துக்குள் போவது யார் என்பதில் குழப்பம் வராது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். இரவு முறை, மரங்கொத்திகளில் பொதுவாக, ஆணுடையது.

ஏறத்தாழ 11 நாளில் குஞ்சு பொரிந்ததும் போக்குவரத்து கூடும். ஆனால் அலகில் புழு எதுவும் தொங்காது. புதிதாகப் பார்ப்பவர் பறவை வெறுங்கையோடு வருகிறது என்றே நினைப்பார். எறும்புகளே முக்கிய இரை. அவற்றைத் தொண்டையில் சேர்த்து வந்து கக்கி ஊட்டும்.

மரங்கொத்திக் குஞ்சுகள் தூவிகூட இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கின்றன. குதிகாலில் சொரசொரப்பான தடிப்பு இருக்கும். கரடுமுரடான பொந்துத் தரையில் உட்காரும்போது தோல் உரியாமல் அதுதான் காக்கிறது. வாயோரத்தில் வெளிறிய புடைப்பு. இருட்டில் பெற்றோரின் அலகு அங்கே பட்டதும் வாய் திறக்கும். ஓயாத இரைச்சல் வேறு. சில இனங்களின் கூட்டை மரத்தடியில் நின்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த இருட்டறை வாழ்க்கையை உலகுக்குக் காட்டியவர் ஜெர்மன் திரைப்படக்காரர் ஹைன்ஸ் சீல்மான். 1950களில் மரங்கொத்திப் பொந்தின் பின்புறத்தைத் திறந்து கண்ணாடி பொருத்திப் படமெடுத்தார். தேர்ந்த கைகள் செய்த வேலை அது. இன்று ஒருவர் ஆர்வத்தில் செய்து பார்க்கக்கூடியதல்ல. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதை வேட்டையாகவே கருதுகிறது. தொலைநோக்கியோடு தள்ளி உட்கார்ந்தாலே போதும். பெற்றோர் பக்கத்து மரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரத் தயங்கினால், பார்ப்பவர் இன்னும் பின்வாங்க வேண்டும்.

வளர்ந்த குஞ்சுகள் வாசலுக்கே ஏறி வந்து தலையை நீட்டும். படமெடுக்க நல்ல நாட்கள் இவையே. சுமார் 20 நாளில் பறந்துவிடும். முதல் முட்டையிலிருந்து கணக்கிட்டால் ஐந்து வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மொட்டைத் தென்னையை வெட்ட நாள் குறித்த தோட்டக்காரரிடம் அவகாசம் கேட்க இந்தக் கணக்கு உதவும். காலியான பொந்துக்கு மைனா, பச்சைக்கிளி, குண்டுகரிச்சான் என்று அடுத்த குடித்தனம் வரும். மைனாவும் கிளியும் சில நேரம் காலியாகும் வரை காத்திருப்பதுகூட இல்லை.